பேரன் தோற்க நான் சுற்றிய ஆடிச்சுற்று

1

இன்று சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குக் கொடி ஏறிவிட்டது. தம்பி மகன் மாரியப்பன் காலையிலேயே படம் அனுப்பிவிட்டான். கொடிமரத்தைச் சுற்றித் தலை தலையாகக் கூட்டம். ஓரத்தில் மாரியின் கட்டைவிரலும் விழுந்திருக்கிறது. கீழே ஒரு வரி: "பெரியப்பா, நீங்க இல்லாம கோவிலே வெறிச்சுன்னு கெடக்கு." நிற்க இடமில்லாத படத்துக்குக் கீழே இப்படி எழுத மாரியால்தான் முடியும்.

இந்த வருடம் நான் போகவில்லை. வலது முழங்காலில் அறுவை செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறிய ஊரில், மகன் வீட்டில், சன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காலையில் கைத்தடியோடு தெருமுனைத் தபால்பெட்டி வரை போய்த் திரும்புவதுதான் இப்போது என் நடை. வழியில் நாயோடு வரும் பக்கத்து வீட்டு அம்மாள் தினமும் ஒரே கேள்வி கேட்பார்: "உங்கள் பேரன் ஜெயித்தானா?" அன்றைக்குப் பந்தயமே இருக்காது. அவருக்கு அது வானிலை விசாரிப்பது மாதிரி.

போன ஆடியில் எங்கள் ஊர் பேருந்து நிலையம் எதிரே என் படம் போட்டு ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதன் புகைப்படம் இன்னும் கைபேசிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊர்க்காரர்கள் எனக்கே அனுப்பி, "உங்களைப் போல ஒரு தாத்தா யாருக்குக் கிடைப்பார்" என்கிறார்கள். அந்த ஃப்ளெக்ஸில் எழுதியிருந்தது உண்மையல்ல. பேரனிடம் சொல்லிவிட்டேன், ரத வீதியில் சிலரிடமும் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இந்தக் குறிப்பு.

2

முதலில் பெயர் விவகாரம்.

நான் இங்கே வந்தபோது ரப்பர் வேதியியலில் ஒரு பட்டமும் இரண்டு பெட்டிகளும் வைத்திருந்தேன். படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை, முன்னெழுத்துத்தான் உண்டு என்றேன். அந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏதாவது எழுதத்தான் வேண்டும்" என்றார். அப்பா பெயரை எழுதினேன்: கோமதிநாயகம். அதுவே என் மகன் சண்முகத்துக்கும் குடும்பப் பெயராயிற்று, பேரன் கதிருக்கும் ஆயிற்று.

அப்பாவுக்கு வண்டி ஆகாது. ஊரெல்லை தாண்டிப் பேருந்தில் போனால் வாந்தி எடுப்பார். வாசுதேவநல்லூரில் பெண் பார்க்கப் போனவர் வழியிலேயே இறங்கி, மிச்சத் தூரத்தை நடந்தே போனார் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். அவருடைய பெயர்தான் இன்று மணிக்கு முந்நூறு கிலோமீட்டரில் போகிற காரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறது.

கதிர் முதன்முதலில் கோ-கார்ட் என்னும் குட்டிப் பந்தய வண்டியை ஓட்டியது எட்டு வயதில், பள்ளிக்கூட நண்பன் ஒருவனின் பிறந்தநாள் விருந்தில். பழைய கிடங்கு ஒன்றுக்குள் டயர்களை அடுக்கித் தடம் போட்டிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் மோதிக்கொண்டு சிரித்தன. இவன் சிரிக்கவில்லை. நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் ஒரே இடத்தில் திருப்பினான். இறங்கச் சொன்னபோது அழுதான். அன்றே சண்முகத்தின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன், இனி எங்கள் சனி ஞாயிறுகள் போயிற்று என்று.

அப்படியே ஆயிற்று. கார்ட் என்பது நான்கு சக்கரம், ஒரு இரும்புச் சட்டம், ஒரு இருக்கை. ஸ்பிரிங் கிடையாது, இருக்கைப் பட்டி கிடையாது. பந்தயம் முடிந்தால் பிள்ளையின் விலா கன்றிப்போயிருக்கும். என் மருமகள் செல்வி தைலம் தேய்த்துக்கொண்டே மகனையும் புருஷனையும் சேர்த்துத் திட்டுவாள். எனக்கு அந்த நாட்களில் பயமே இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்க ரப்பரோடு இருந்தவன் நான். மழை நாளில் எந்த டயர் போடுவது என்று சண்முகம் என்னிடம் கேட்பான், பெருமையாக இருக்கும். இரண்டில் ஒரு தடவை தப்பாகத்தான் சொல்வேன்.

ஒலிபெருக்கியில் அறிவிக்கிறவர்களால் கோமதிநாயகம் என்று முழுதாகச் சொல்ல முடியவில்லை. முதல் வருடம் கோமாதி என்றார்கள். பிறகு யாரோ பின்பாதியைப் பிடித்து, அதையும் சுருக்கி, "நாய்" என்று ஆக்கிவிட்டார்கள். பையன்களும் அப்படியே கூப்பிட்டார்கள். "இதோ நாய் முந்துகிறான், நாய் முதலிடம்!" மைதானமே சேர்ந்து என் அப்பாவை அப்படிக் கூப்பிட்டுக் கைதட்டியது. கோபப்படலாமென்றால் பையன் ஜெயித்துக்கொண்டிருந்தான்.

3

பதினாறு வயதில் கார்ட்டை விட்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் காருக்கு மாறினான். அந்த வயதில் சாலையில் ஓட்ட அனுமதி கிடையாது. அதனால் மணிக்கு இருநூறு கிலோமீட்டரில் பந்தயம் ஓட்டப் போகிறவனை, சண்முகம் வேனில் கொண்டுபோய் இறக்கிவிடுவான். பிறகு சாலை உரிமத்துக்கான தேர்வில் முதல் தடவை தோற்றுப்போனான். ரவுண்டானாவில் அளவுக்கு மீறித் தயங்குகிறான் என்று அதிகாரி எழுதியிருந்தார். செல்வி அந்தத் தாளைப் பல நாள் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்திருந்தாள்.

பந்தயக் கார்களில் படிப்படியாக ஏற வேண்டும். நான்காம் படி, மூன்றாம் படி, இரண்டாம் படி, அப்புறம் உச்சி. உச்சியில் இருக்கைகள் மிகக் குறைவு. கீழே நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நிற்கிறார்கள். மூன்றாம் படிக்கு வந்தபோது கதிர் வீட்டைவிட்டுப் போனான். அவன் சேர்ந்த பந்தயக் குழுவின் பட்டறை இருந்த ஊரில், வேறு தேசத்தில், இரண்டு பையன்களோடு அறை எடுத்துத் தங்கினான். தினமும் என்னோடு பேசியவன் வாரத்துக்கு ஒருமுறை பேசினான். எங்கள் வீட்டுத் திருநெல்வேலித் தமிழ் அவன் வாயில் மெதுவாகக் குறைந்தது. "தாத்தா, நான் டயர்டா இருக்கேன், நாளைக்குக் கூப்பிடுதேன்" என்பான். நாளைக்கு என்பது அடுத்த வாரம்.

அந்த வருடம் மழையில் ஒரு பந்தயம். முன்னால் போன கார்கள் கிளப்பிய தண்ணீர்ப் புகையில் ஒன்றும் தெரியவில்லை. தடத்தில் குறுக்கே நின்றுவிட்ட ஒரு காரில் கதிர் மோதினான். அவன் கார் எழும்பி, தலைகீழாக விழுந்து, சறுக்கிக்கொண்டே போயிற்று. வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். செல்வி எழுந்து நின்றாள்.

கழுத்துப்பட்டை எலும்பு முறிவு, முதுகெலும்பில் கீறல் அளவுக்கு ஒரு விரிசல். பிழைத்துக்கொள்வான் என்றார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தூங்கிக்கொண்டிருந்தான். கன்னத்தில் ஹெல்மெட் அழுத்திய தடம் இருந்தது. கண் விழித்ததும் சண்முகத்திடம் முதலில் கேட்டது, "அடுத்த ரேஸ் எப்பப்பா?"

நான் வெளியே வந்து மருத்துவமனை நடையில் நின்றேன். சங்கரன்கோவில் இருக்கும் திசை எது என்று தெரியவில்லை. ஏதோ ஒரு பக்கம் திரும்பிக் கைகூப்பினேன். "தாயே, இவனைத் தோற்கடி. ஜெயித்தால் விடமாட்டான். தோற்றுப்போய் வீட்டுக்கு வரட்டும். வந்துவிட்டால் உனக்கு ஆடிச்சுற்று சுற்றுகிறேன்."

நாற்பது வருடம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். ஆனால் வேண்டிக்கொண்டது அப்படியே, வார்த்தைக்கு வார்த்தை இதுதான். அவன் நலமாக இருக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை. தோற்க வேண்டும் என்றுதான் கேட்டேன்.

4

சில மாதங்களில் அந்தக் குழு மூடப்பட்டது. கதிருக்கு இருக்கை போயிற்று. வேறு குழு எதுவும் அழைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, ஒரு கார்ட் மைதானத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையில் சேர்ந்தான். சண்முகம் வாடிப்போனான். நான் மட்டும் நிம்மதியாகத் தூங்கினேன். என் பிரார்த்தனை பலித்துவிட்டது என்று முழுதாக நம்பினேன்.

வேண்டுதலைச் செலுத்த வேண்டுமே. இங்கிலாந்துக் குடியுரிமை வாங்கிவிட்டதால், சொந்த ஊருக்குப் போக இந்திய அரசாங்கத்திடம் நான் அனுமதி கேட்க வேண்டும். இணையத்தில் என் புகைப்படத்தை இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள், நெற்றியில் வெளிச்சம் அடிக்கிறதாம். முடியில்லாத நெற்றியில் வேறென்ன அடிக்கும்? வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். உறவினரைப் பார்க்க என்று எழுதினேன்.

ஆடிச்சுற்றை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூரில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கோமதியம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கிறாள். கொடி ஏறியதும் சனங்கள் கோவிலை நூற்றெட்டுத் தடவை சுற்றுவார்கள். சுற்றுகிறவர்களின் கால்வலியை அவள் வாங்கிக்கொள்வாள் என்பது நம்பிக்கை. என் கால்வலியை அவள் வாங்கவில்லை. பாதி தாண்டியபோதே பாதத்தில் கொப்புளம் உடைந்தது. ஓர் இளம்பெண் என்னை முந்திப் போகும்போதெல்லாம், "தாத்தா, ஓரமா வாங்க, ஓரமா வாங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள். கடைசிச் சுற்றில் மாரி என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தான்.

அவன் மற்றொரு கையில் கைபேசி இருந்ததை நான் கவனிக்கவில்லை. என் வீங்கிய கால்களை வீடியோ எடுத்து, "பேரன் மறுபடியும் ஜெயிக்கணும்னு பெரியப்பா சுத்துதாக" என்று சொல்லிக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான். ஏன் சுற்றுகிறேன் என்று அவன் என்னிடம் கேட்கவே இல்லை. வேறு எதற்குச் சுற்றுவார்கள்?

அரை மணி நேரத்தில் கதிர் கூப்பிட்டான்.

"தாத்தா, எனக்காகவா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஒனக்காகத்தான்யா" என்றேன்.

அவன் மறுவாரமே வேலையை விட்டான். பழைய குழுக்காரர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய், ஒரு காரைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு வாங்கினான். அதில் நன்றாக ஓட்டினான். இரண்டாம் படியில் இடம் கிடைத்தது. அங்கே இரண்டு பந்தயம் ஜெயித்தான். பிறகு உச்சிப் படியிலுள்ள ஒரு குழு அவனை மாற்று ஓட்டுநராக எடுத்துக்கொண்டது. எங்கே பேட்டி கொடுத்தாலும், எழுபது வயது தாண்டிய தன் தாத்தா வெறுங்காலோடு கோவிலைச் சுற்றிய கதையைச் சொன்னான். நான் மறுக்கவில்லை. இன்னும் கேவலமானதைச் சொல்லிவிடுகிறேன்: கேட்கக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது.

5

போன ஆடியில் நான் ஊரில் இருந்தேன். அந்த வாரம் உச்சிக் குழுவின் ஓட்டுநர் ஒருவருக்குக் குடல்வால் அறுவை செய்ய வேண்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை கதிர் ஓட்டுவான் என்று அறிவித்தார்கள்.

மாரி ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறான் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். மறுநாள் காலை தேநீர் குடிக்கப் போனால், பேருந்து நிலையம் எதிரே நான் கைகூப்பி நிற்கிறேன். பக்கத்தில் கதிர். மேலே அம்மன். "தாத்தாவின் நூற்றெட்டுச் சுற்று! பேரனின் உலகச் சுற்று!" என் தலையில் கறுகறுவென்று முடி.

"ஏலே மாரி, என்னலே இது?"

"சும்மா இருங்க பெரியப்பா. ஊருக்கே பெருமைலா."

"முடி எங்கேருந்து வந்துச்சு?"

"அது ஃப்ரீ" என்றான்.

அன்று மாலை கதிர் கூப்பிட்டான். மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினேன். பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"தாத்தா, சாப்டாச்சா? ஹெல்மெட் ரெடி. பின்னாடி நம்ம கோபுரம். கீழ நூத்தெட்டுன்னு பெரிசா எழுதச் சொல்லிருக்கேன். டீவியில எல்லாரும் கேப்பாங்க, ஒங்க கதையைச் சொல்லுவேன்."

உலகம் பார்க்கும் பந்தயத்தில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டப்போகிறவன் தலையில் என் பொய். முதல் பந்தயத்துக்கு முன்னால் சொன்னால் உடைந்துபோவானோ என்று பயம். சொல்லாமல், அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"கதிரு, அந்த நூத்தெட்டைப் போடாதய்யா."

"ஏன் தாத்தா?"

"அது நீ ஜெயிக்கணும்னு சுத்துனதில்ல. நீ தோக்கணும்னு ஆஸ்பத்திரியில வச்சு வேண்டிக்கிட்டேன். தோத்து வீட்டுக்கு வந்துட்ட. அதுக்கு நன்றி சொல்லிச் சுத்துனது."

அந்தப் பக்கம் பட்டறைச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ சக்கரம் கழற்றினார்கள்.

"தோக்கணும்னா?"

"ஆமா."

"நீங்க வேண்டுனதாலதான் சீட் போச்சுன்னு நெனச்சியளா?"

"நெனச்சேன்."

"தாத்தா, அந்த டீம்ல காசு இல்ல. பூட்டிட்டான். கோமதியம்மன் போயா பூட்டுனா?" சிரிக்கப் பார்த்தான். பிறகு சொன்னான்: "நானும் ஒண்ணு சொல்லவா? சீட் போனதும் எனக்கு ஹாப்பியா இருந்துச்சு. கார்ல ஏறவே பயம் அப்போ. அப்பாகிட்ட சொல்லல. அம்மாகிட்ட சொல்லல. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுத்துட்டு அப்படியே இருந்திருப்பேன். அப்பத்தான் மாரி சித்தப்பா வீடியோ போட்டாரு. ஒங்க காலைப் பாத்தேன். தாத்தா இவ்வளவு செய்தாரு, நான் போய் பயமா இருக்குன்னு எப்படிச் சொல்ல?"

அவனைக் காரிலிருந்து இறக்கும்படி வேண்டிக்கொண்டவன் நான். இறங்கிவிட்டவனைத் திரும்ப ஏற்றிவிட்டதும் நான்.

"இப்பவும் பயமா இருக்கா?"

"தெரியல."

"அப்ப ஏறாத. எனக்காக ஏறாத. அப்பாவுக்காகவும் ஏறாத. இந்த ஊருல போர்டு வச்சிருக்கானே, அதுக்காகவும் ஏறாத. நான் சண்முகத்துகிட்ட பேசுதேன்."

"நாளைக்குச் சொல்லுதேன் தாத்தா" என்றான். வைத்துவிட்டான்.

மறுநாள் முழுக்க ஒன்றும் வரவில்லை. மாரியின் மனைவி வைத்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். சாயங்காலம் ஒரு குரல் செய்தி வந்தது.

"தாத்தா, ஹெல்மெட்ல வெள்ளை அடிச்சாச்சு. கோபுரம், நம்பர், ஒண்ணும் இல்ல. இன்னைக்குப் பிராக்டிஸ்ல முதல் மூணு லேப் பயந்தேன். அப்புறம் நல்லாயிருந்துச்சு. எனக்கு ஓட்டணும் போல இருக்கு. வேற காரணம் இல்ல. ஓட்டுதேன்."

நாலைந்து தடவை கேட்டேன். அவன் குரலில், பிறந்தநாள் விருந்தில் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்த பையன் இருந்தான்.

6

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் நம் நேரப்படி மாலையில். ரத வீதியிலுள்ள மாரி வீட்டுக் கூடத்தில் தெருவே கூடியிருந்தது. என்னோடு பள்ளியில் படித்த ராமையாவும் வந்திருந்தார். பூச்சந்தையில் கடை வைத்திருப்பவர், சட்டையில் எப்போதும் பிச்சிப்பூ வாசனை அடிக்கும்.

"வே, ஓம்ம பேரன் காரு எது?"

"நீலக்காரு, கடைசிக்கு முந்தின வரிசை."

"கடைசிலயா நிக்கான்? அப்ப எதுக்குவே போர்டு வச்சிய?"

திரையில் பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் சிவப்பு விளக்குகள் அணைந்தன. இருபது கார்கள் ஒரே வளைவுக்குள் நுழைந்தன. ஒன்று இன்னொன்றில் உரசிப் புகை கிளம்பியது. என் காதில் ஒன்றும் விழவில்லை. புகைக்குள்ளிருந்து நீலக்கார் வெளியே வந்தது. மாரி என் தோளைப் பிடித்து உலுக்கி, "வந்துட்டான் பெரியப்பா, வந்துட்டான்!" என்று கத்தினான். அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல், அந்தக் கார் ஒவ்வொரு வளைவிலும் உள்ளே போய் வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். பதினான்காவதாக வந்து முடித்தான்.

கூடத்தில் உற்சாகம் வடிந்துவிட்டது. தெருப்பிள்ளைகள் எழுந்து போகத் தொடங்கின. மாரி தயங்கித் தயங்கிச் சொன்னான்: "பரவால்ல பெரியப்பா. அடுத்த வருசம் நீங்க இன்னும் பத்து சுத்து சேத்துச் சுத்திட்டா போதும்."

இனிமேலும் வாய் மூடியிருக்கக் கூடாது என்று தோன்றியது. எழுந்து நின்று சொன்னேன். நான் சுற்றியது அவன் ஜெயிப்பதற்காக அல்ல, தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, அதற்கு நன்றியாகச் சுற்றினேன், போர்டில் இருப்பது பொய், அவனிடமும் சொல்லிவிட்டேன் என்று. மாரியின் முகம் விழுந்துவிட்டது. அவன் மனைவி கையில் காப்பித் தட்டோடு நின்றுவிட்டாள்.

ராமையாதான் முதலில் வாய் திறந்தார்.

"தோக்கணும்னா வேண்டுனீரு?"

"ஆமா."

"அப்பப் பலிச்சிட்டுல்லா வே! பதினாலாவதுல்லா வந்திருக்கான்!"

பிறகு மாரி சிரித்தான். அவன் மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். வாசலுக்குப் போன பிள்ளைகள் என்னவென்று திரும்பி ஓடி வந்தன. "பத்து சுத்து சேத்துச் சுத்தியிருந்தா இவன் கடைசில வந்திருப்பான்லே" என்று ராமையா மாரியின் முதுகில் அறைந்தார். எத்தனையோ வருடமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டு கிடந்தது அந்தச் சிரிப்பில் கழன்று விழுந்தது. எனக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது, துடைக்கவில்லை.

அப்போது கதிர் கூப்பிட்டான். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"அங்கன என்ன தாத்தா சத்தம்?"

"நீ பதினாலாவது வந்ததுக்குச் சிரிக்கானுவ."

"சிரிக்கட்டும்" என்றான். "நான் முழுசா வந்துட்டேன்லா."

அன்றைக்கு அந்த மருத்துவமனை நடையில் நான் கேட்டிருக்க வேண்டியது அதுதான்.